வழி விடுங்கள், பெருமாள் வருகிறார்!

சாமி பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஊர் உலகத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. நாங்கள் திருச்சி புத்தூர்க்காரர்கள். எங்களுக்கு அந்தச் சிரமமே கிடையாது. மாசி பிறந்தால் ஊர்த்தாய் குழுமாயி எங்கள் மந்தைக்கு வந்து விடுவாள். அந்தக் களைப்பு ஆறுவதற்குள் பங்குனி வந்துவிடும். அப்போது பக்கத்து உறையூருக்கு ஸ்ரீரங்கத்துப் பெருமாளே காவிரியைக் கடந்து வருவார். நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் வாசல் தெளித்து, கோலம் போட்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதுதான்.

கருவறைக்குள் இருக்கிற மூலவரைவிட, வீதிக்கு வருகிற உற்சவர் மேல்தான் எனக்குப் பித்து. உற்சவரை மூலவரின் பிரதிநிதி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஒரு பங்குனியை ஸ்ரீரங்கத்திலும் உறையூரிலும் கழித்துப் பாருங்கள், நீங்களும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாள் சுதையால் ஆன திருமேனி. அவருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். அவர் எழுந்திருப்பதில்லை, இடம் மாறுவதில்லை. பால், தயிர், மஞ்சள் என்று திருமஞ்சனம் கண்டருள்வதும், வீதி சுற்றுவதும், மண்டபத்துக்கு மண்டபம் இளைப்பாறுவதும், வெயிலில் வாடுவதும் அவர் முன்னால் நிற்கிற நம்பெருமாள்தான். ஒரு பக்கம் அசையாத கடவுள், இன்னொரு பக்கம் ஒரு நாள்கூட ஓய்வில்லாத கடவுள். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் இவருக்கு ஏதாவது ஒரு உற்சவம் இருக்கும். ஸ்ரீரங்கத்து வீதிகளில் நடந்தால் ‘பெருமாள் ஏளியாச்சா?’, அதாவது எழுந்தருளியாயிற்றா, என்கிற கேள்வி காதில் விழாமல் இருக்காது.

அவர் வருகிற அழகு இருக்கிறதே, அடடா! ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் அவரைச் சும்மா தூக்கி வருவதில்லை, நடக்க வைக்கிறார்கள். கருவறையிலிருந்து வெளியே வரும்போது சிம்ம கதி. குகையை விட்டுக் கிளம்பும் சிங்கம் முதலில் தலையை நீட்டி, இடமும் வலமும் பார்த்து, பிறகு ஒரு அடி எடுத்து வைக்குமே, அந்த நிதானம். வளைந்து நெளிந்து போகிற சர்ப்ப கதி இன்னொன்று. சுமப்பவர்களின் முழங்காலும் தோளும் ஒரே தாளத்தில் அசைய, மேலே திருக்குடை ஆட, தீவட்டி வெளிச்சத்தில் அந்தப் புன்னகை ஒரு கணம் நம் பக்கம் திரும்பும். உலோகம் என்று அறிவுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் அறிவை யார் கேட்டார்கள்?

பங்குனியில் நடப்பது ஸ்ரீரங்கத்தின் ஆதி பிரம்மோற்சவம். கொடியேறிய சில நாட்களில் அவர் ஜீயபுரத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு கதை உண்டு. பேரன் ரங்கன் ஆற்றோடு போய்விட்டானோ என்று ஒரு பாட்டி ‘ரங்கா, ரங்கா’ என்று தவித்தாளாம். கூப்பிட்ட குரலுக்குப் பெருமாளே பேரன் உருவில் வந்து, அவள் போட்ட பழையதைச் சாப்பிட்டாராம். அந்த உரிமையில் இன்றைக்கும் ஜீயபுரத்தில் அவருக்குப் பழையசோறும் மாவடுவும் அமுது. அக்காரவடிசலும் புளியோதரையும் சலிக்காமல் கிடைக்கிற பெருமாள், ஒரு பாட்டி வீட்டுப் பழையதுக்காக ஆறு தாண்டிப் போகிறார். கருவறையை விட்டு அசையாத சாமியால் இதைச் செய்ய முடியுமா சொல்லுங்கள்!

அடுத்தது எங்கள் பக்கம். ஆயில்யம், உறையூர் கமலவல்லி நாச்சியாரின் திருநட்சத்திரம். தாமரையில் கண்டெடுக்கப்பட்ட சோழன் மகள் அரங்கன் மேல் காதல் கொண்டாள், அவரும் வந்து மணந்துகொண்டார் என்பது தலபுராணம். அதனால் உறையூருக்கு நம்பெருமாள் கடவுள் மட்டுமல்ல, மாப்பிள்ளை. விடியுமுன்பே பல்லக்கில் புறப்பட்டு, அம்மா மண்டபம் வழியாகக் காவிரிக்குள் இறங்கி, மணலும் கணுக்கால் தண்ணீருமாகக் கிடக்கிற ஆற்றைக் கடந்து இக்கரை ஏறுகிறார். பல்லக்கோடு ஆற்றில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த சுகம். மணல் ஜில்லென்றிருக்கும். கிழக்கே வெளுக்கத் தொடங்கும். முன்னால் மலைக்கோட்டை கறுப்பாக எழுந்து நிற்கும். பின்னால் ராஜகோபுரம். நடுவில் தங்கப் பல்லக்கு. காவிரி எத்தனையோ ராஜாக்களைப் பார்த்திருக்கலாம், இப்படி ஒரு ஊர்வலத்தைப் பார்க்க அவளும் வருஷம் முழுக்கக் காத்திருப்பாள் என்றுதான் தோன்றும்.

உறையூர் தெருக்களில் அன்றைக்கு மண்டகப்படிகளுக்குக் குறைவே இல்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, மாப்பிள்ளை எதுவரைக்கும் வந்துட்டாரு? வெயில் ஏறுதே, அவருக்கு ஒத்துக்குமா?” கவலையைப் பாருங்கள்! அகில உலகத்தையும் காப்பவருக்கு வெயில் ஒத்துக்குமா என்று ஒரு உறையூர்ப் பாட்டிக்குக் கவலை. இதைவிடப் பெரிய பக்தியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பிறகு நாச்சியார் கோயிலில் சேர்த்தி. நம்பெருமாளும் கமலவல்லியும் ஒரே ஆசனத்தில் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருப்பார்கள். ஆண்டுக்கு ஒரே நாள். வரிசை தெருவைச் சுற்றி வளைத்து நிற்கும், யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் கலகலப்புதான் அங்கேயும். இரவானதும் மாப்பிள்ளை ஊர் திரும்பியாக வேண்டும். ஏனென்றால் அங்கே ஒருவர் கோபமாக இருக்கிறார்.

அவர்தான் ரங்கநாயகித் தாயார், படிதாண்டாப் பத்தினி. தன் சந்நிதியை விட்டு வீதிக்கு வருவதே இல்லை. உறையூர் போய்வந்த விஷயம் தெரிந்துவிட்டது. பங்குனி உத்திரத்தன்று பெருமாள் தாயார் சந்நிதிக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கும். தாயார் தரப்பு அவரை வாழைமட்டையால் அடிக்கும்! இதற்குப் பெயரே மட்டையடி உற்சவம். நடந்தது என்ன என்று பெருமாள் தரப்பில் சமாதானம், நம்ப மாட்டேன் என்று தாயார் தரப்பில் பதில். இரண்டு பக்கத்து வாதத்தையும் வாசித்துக் காட்டுவார்கள். கணையாழி தொலைந்துபோனது, அதைத் தேடிப் போனேன் என்று பெருமாள் சொல்கிற சாக்கைக் கேட்டுச் சிரிக்காத கல்யாணமான ஆண் யாரும் அந்தக் கூட்டத்தில் இருக்க முடியாது. கடைசியில் நம்மாழ்வார் வந்து நடுவில் நின்று சமாதானம் செய்து வைக்கிறார். ஊடல் தீர்ந்ததும் தாயாரோடு சேர்த்தி. இதுவும் ஆண்டுக்கு ஒரே நாள்தான். அன்றிரவு 18 முறை திருமஞ்சனம், முறைக்கு 6 குடமாக 108 குடம். ராமானுஜர் தம் சரணாகதி நூலான கத்யத்ரயத்தை விண்ணப்பித்தது இந்தச் சேர்த்தியின் முன்னால்தான் என்பது வைணவ மரபு. சற்று முன் மட்டையடி வாங்கியவரிடம்தான் சரணாகதி! இந்தக் கலவையை யோசித்தவர்களுக்கு ஆயிரம் நமஸ்காரம்.

சொந்தபந்தம் இத்தோடு நிற்கவில்லை. தைப்பூசத்தில் சமயபுரத்து மாரியம்மன் கொள்ளிடத்துக்கு வந்து நிற்பாள். அண்ணன் வீட்டிலிருந்து, அதாவது ஸ்ரீரங்கத்திலிருந்து, அவளுக்குச் சீர்வரிசை போகும். ஆடியில் காவிரித் தாய்க்கும் சீர் உண்டு. கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசி இரவில் நம்பெருமாளுக்குக் குளிருமென்று 365 போர்வைகளைச் சாத்துவார்கள். ஆண்டு முழுவதும் செய்ய விட்டுப்போன உபசாரத்துக்கெல்லாம் அதுவே ஈடு. பசி, குளிர், தங்கை, மாமியார் வீடு, சம்சாரத்தின் கோபம் என்று ஒரு குடும்பஸ்தனுக்கு இருக்கிற அத்தனையும் இந்த உற்சவருக்கு இருக்கிறது.

ஊரைவிட்டு ஓட நேர்ந்த அவலமும் இருக்கிறது. 1323ல் தில்லிப் படை ஸ்ரீரங்கத்தின் மேல் பாய்ந்தபோது, பெரிய பெருமாளைக் கல்சுவர் வைத்து மறைத்தார்கள். உற்சவரை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியேறினார் பிள்ளைலோகாசாரியார். தள்ளாத வயதில் பெருமாளைச் சுமந்து போன அந்த ஆசாரியர், மதுரை அருகே ஜோதிஷ்குடியில் உயிரை விட்டார். பெருமாளின் பயணம் நிற்கவில்லை. மலையாள நாடு, திருநாராயணபுரம், திருப்பதி, செஞ்சி என்று அலைந்து, விஜயநகரத் தளபதி கோபணாரியனின் துணையோடு 1371ல்தான் ஊர் திரும்பினார். 48 ஆண்டுகள்! அதற்குள் ஸ்ரீரங்கத்தில் வேறொரு உற்சவரை வைத்து வழிபாடு நடந்துகொண்டிருந்தது. எவர் பழையவர் என்று சொல்ல ஆளில்லை. பார்வை போன ஒரு முதிய சலவைத் தொழிலாளி, இருவருக்கும் திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் தீர்த்தத்தைப் பருகிப் பார்த்து, ‘இவரே நம்பெருமாள்’ என்று கூவினாராம். அதுவரை அழகிய மணவாளன் என்றிருந்த உற்சவருக்கு அந்தப் பெயர் நிலைத்தது அன்றிலிருந்து. இடையில் இருந்தவரையும் ஸ்ரீரங்கம் கைவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் கோயிலில் இன்றுவரை இருக்கிறார், யாகசாலைக்கு அவர்தான் எழுந்தருள்வார். வீதியில் அந்தப் புன்னகையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 48 வருஷமும் நினைவுக்கு வந்து எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

சாமி வீதிக்கு வருகிற ஆனந்தம் சிவன் கோயிலிலும் உண்டு. லிங்கம் அசையாது. விநாயகர், முருகன், சோமாஸ்கந்தர், அம்பாள், சண்டிகேஸ்வரர் என்று பஞ்சமூர்த்திகள்தான் வெளியே வருவார்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளின் பீடத்தை மியூசியத்தில் உற்றுப் பாருங்கள், கழி செருகுவதற்கான துளைகளும் வளையங்களும் இருக்கும். உலகமே வியக்கிற அந்தச் சிற்பங்கள் கண்ணாடிப் பெட்டிக்காக வார்க்கப்பட்டவை அல்ல, தோளில் ஏறி ஊர் சுற்றுவதற்காக வார்க்கப்பட்டவை. மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிற அதே முறையில் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் வார்க்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் திருமேனிகளின் உயரத்தைக்கூட முழம், விரல் கணக்கில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் ஆள் பார்த்துக் குறித்திருக்கிறார்கள்!

ஐம்பொன்தான் வேண்டுமென்று கட்டாயமும் இல்லை. எங்கள் குழுமாயி அதற்குச் சாட்சி. உய்யகொண்டான் வாய்க்கால் பக்கம் இருக்கிற அவள் கோயிலிலிருந்து மந்தைக்கு வருகிற திருமேனி பனையோலையால் ஆனது. பெயரே ஓலைப்பிடாரி. அவள் வருகிறாள் என்றால் புத்தூர் அதிரும். பறையும் குலவையும் ஒன்றாக எழும். மறுநாள் குட்டிகுடித் திருவிழா. அம்மன் அருள் வந்த மருளாளியைத் தோளில் தூக்கி வருவார்கள், நேர்ந்துகொண்டவர்கள் கொடுக்கிற ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை அவர் குடிப்பார். வெளியூர் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எனக்கே ரத்தம் பார்த்தால் தலை சுற்றும், ஆனாலும் மந்தையை விட்டு நகர மாட்டேன். உறையூர்ச் சேர்த்தியில் துளசி வாசம், புத்தூர் மந்தையில் ரத்த வாடை. இரண்டுக்கும் நடுவில் ஆட்டோவில் பத்து நிமிஷம்கூட ஆகாது. வழிபாடு எவ்வளவு வேறாக இருந்தாலும் சாமி செய்கிற காரியம் ஒன்றுதான், வாசலைத் தாண்டி ஜனங்களிடம் வருவது.

அந்த வருகை எல்லாருக்குமாக இருந்ததா என்றால், இல்லை. கோயில் படியேற விடாமல் தடுக்கப்பட்ட மக்களுக்குப் புறப்பாடு ஒன்றே தரிசனமாக இருந்த காலம் உண்டு. அந்த வீதிகளிலும் எல்லாரும் நிற்க முடிந்ததில்லை. உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் காவிரிக்கரையில் நின்றுதான் அரங்கனைப் பாடினார். கடைசியில் லோகசாரங்க முனிவர் தம் தோளில் அவரைச் சுமந்து கருவறைக்குக் கொண்டுபோனார் என்கிறது குருபரம்பரை. பெருமாளைச் சுமக்கிற ஊரில் ஒரு பாணரைச் சுமந்த கதை அது. புறப்பாட்டின் முழு அர்த்தமும் எனக்கு அதில்தான் தெரிகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா, கைக்குழந்தைக்காரி, கடையை விட்டு நகர முடியாத பூக்காரி என்று வர முடியாத ஒவ்வொருவருக்காகவும்தான் சாமி கிளம்புகிறது.

ஆகவே, வெளியூர் அன்பர்களே! ஸ்ரீரங்கம் வந்தோம், வரிசையில் நின்றோம், பெரிய பெருமாளை இரண்டு விநாடி பார்த்தோம், பஸ் ஏறினோம் என்று போய்விடாதீர்கள். அது பாதி ஸ்ரீரங்கம்தான். பஞ்சாங்கத்தில் பங்குனி ஆயில்யம் என்றைக்கு என்று பார்த்து, முதல் நாளே வந்து தங்குங்கள். விடியற்காலை அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு வந்துவிடுங்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பல்லக்கோடு ஆற்றில் இறங்குங்கள். மத்தியானம் உறையூரில் சேர்த்தி பாருங்கள். முடிந்தால் உத்திரம் வரை இருந்து மட்டையடியையும் பார்த்துவிட்டுப் போங்கள். காசு செலவில்லை, டிக்கெட் வேண்டாம், தெருவோரத்தில் நிற்க ஒரு அடி இடம் போதும்.