பிளக்ஸ் பலகையில் இல்லாத பிள்ளைகள்

தேர்வு முடிவு வந்ததும், சின்ன ஊர்ப் பேருந்து நிலையங்களில் அரசுப் பள்ளியின் பிளக்ஸ் பலகை எழுந்துவிடும்: பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு பெரிது. மணி அடிப்பதற்கு முன்பே காலைச் சிறப்பு வகுப்பு, மாலையில் சுண்டல் கொடுத்துப் படிக்கவைப்பது, வராத பிள்ளையை வீடு தேடிப் போய் அழைத்துவருவது என்று ஆசிரியர்கள் ஓடுகிறார்கள். பாலிடெக்னிக்கில் சேரவும் குரூப் 4 தேர்வு எழுதவும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் முதன்முதலாகப் பத்து முடிக்கும் பெண்ணுக்கு அது நூற்பாலை வேலையிலிருந்தும் அவசரக் கல்யாணத்திலிருந்தும் விடுதலை. இந்த முயற்சியை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் தேர்ச்சிக்கு வேண்டிய அந்த 35 மதிப்பெண் எப்படி வருகிறது? கணக்குத் தாளையே பார்ப்போம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஆக 30. இன்னும் 5 தேற்றினால் கரையேறிவிடலாம். மெல்லக் கற்போருக்கான பயிற்சி பெரும்பாலும் இந்தக் கணக்கை நம்பியே நடக்கிறது. புள்ளிகளைக் குறித்துப் பரவளையம் வரையக் கை பழகிவிடுகிறது. அந்த வளைகோடு எந்தச் சமன்பாட்டின் முகம் என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. பதினொன்றில் கணிதப் பிரிவு எடுத்தால் முதல் மாதமே மூச்சு முட்டுகிறது.

வகுத்தல் தெரியாமல் பத்தாம் வகுப்புக்கு வந்து நிற்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆசிரியர் வேறென்ன செய்வார்? கோளாறு ஆறாம் வகுப்பில் இருக்கிறது. சிறிய பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவரோ இருவரோதான். அவர்களின் நேரமெல்லாம் பொதுத் தேர்வு வகுப்புக்கே போனால், கீழ்வகுப்புக்கு மிஞ்சுவது களைப்புதான். அடிப்படை எழுத்தும் எண்ணும் பிடிபடாத 6 முதல் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2025இல் அரசு ‘திறன்’ திட்டத்தைத் தொடங்கியது. நோய் இருக்கும் இடம் அரசுக்கும் தெரிந்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேறு. இந்த நூறு சதவீதம், தேர்வு எழுதியவர்களை மட்டும் எண்ணிப் போட்ட கணக்கு. ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பையனின் அப்பாவை வரவழைத்து, “டி.சி. வாங்கிக்கங்க, பிரைவேட்டா எழுதிக்கட்டும்” என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. அவன் பேக்கரிக்கோ செங்கல் சூளைக்கோ போகிறான். பள்ளியின் விழுக்காடு உயர்கிறது. இதைச் சாதனை என்று ஏற்க முடியாது. ஒரு பிள்ளையையும் கழற்றிவிடாமல் 88 சதவீதம் பெற்ற பள்ளியே என் கணக்கில் மேலானது.

பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தரவுத்தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு. யார் எப்போது வெளியேறினார்கள் என்று தேடிப் பார்ப்பது கடினமல்ல. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆறாம் வகுப்பில் சேர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்?