ஸ்பீக்கர் வயர்: காசு எங்கே போக வேண்டும்?

ஹோம் தியேட்டர் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கும் வயர் நூல் மாதிரி மெல்லிசு. அதை வீசிவிட்டு விலைகூடிய கேபிள் போட்டால் சத்தமே வேறு மாதிரி எழும்பும் என்பார்கள் கடைக்காரர்கள். ஓட்டமாவடியில் எங்கள் ஹோலில் நான்கு வயர்களை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்ததில், அவர்கள் சொல்வது பாதி உண்மை.

களத்தில் இருந்தவை: செட்டோடு வந்த 0.3 சதுர மில்லிமீற்றர் வயர். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் 24/0.20 பிளெக்சிபிள் வயர், அதாவது 0.75; கண்ணாடி உறை போட்ட 2.5 செப்பு வயர். கட்டாரிலிருந்து உறவினர் கொண்டுவந்த, பின்னல் உறை போட்ட ஆடம்பரக் கேபிள், அதுவும் 2.5தான். அம்ப்ளிபயருக்கும் 8 ஓம் பொக்ஸுக்கும் இடையே 10 மீற்றர். எந்த வயர் என்று சொல்லாமல் மச்சான் மாற்றிக் கொடுத்தார். கேட்டவை நாகூர் ஹனிஃபாவின் பாடல்களும் கிராஅத்தும். பழகிய குரலில் சின்ன மாற்றமும் பிடிபடும்.

கரண்ட் போய்த் திரும்புவதால் 10 மீற்றர் என்பது கணக்கில் 20 மீற்றர் செப்பு. 0.3 வயரில் அதன் தடை ஏறத்தாழ 1.15 ஓம், 0.75இல் 0.46, 2.5இல் 0.14. பொக்ஸின் ஓம் அளவில் 5 சதவீதத்துக்குள் வயரின் தடை நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. 8 ஓமுக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2.

மெல்லிய வயர் உடனே பிடிபட்டது. சத்தம் ஒரு டெசிபலுக்கு மேல் இறங்கியது. தப்ஸ் அடி தளர்ந்து கேட்டது. பொக்ஸின் ஓம் எல்லாச் சுருதிக்கும் ஒன்றல்ல. வயரின் தடை கூடினால் சில சுருதிகள் மட்டும் கூடுதலாக அமுங்கும். 0.75ஐயும் 2.5ஐயும் என்னால் பிரிக்க முடியவில்லை. வித்தியாசம் கால் டெசிபலுக்குச் சற்று மேல்தான். 2.5ஐயும் கட்டார்க் கேபிளையும் பிரிக்க வழியே இல்லை. “ஒட்சிசன் இல்லாச் செப்பு” என்று உறையில் அச்சடித்திருந்தாலும், மின்கடத்தலில் அது சாதாரண மின்செப்பைவிட ஒரு சதவீதமளவே கூட.

1983இல் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ சஞ்சிகைக்காக லாரன்ஸ் கிரீன்ஹில் இதையே பெரிய அளவில் சோதித்தார். மிக மெல்லிய வயரைக் கேட்டவர்கள் இனங்கண்டார்கள். மேசைவிளக்கு வயரையும் மொன்ஸ்டர் கேபிளையும் பாட்டு வைத்துப் பிரித்துச் சொல்ல அவர்களால் முடியவில்லை.

“பள்ளிவாசல் ஹோர்னுக்கு எவ்வளவு தூரம் மெல்லிய வயர் ஓடுது, அது நல்லாத்தானே கேக்குது?” என்று மச்சான் மடக்கினார். அங்கே லைன் டிரான்ஸ்போமர் இருக்கிறது. 50 வாட்டை 8 ஓமுக்கு நேரே அனுப்பினால் 2.5 அம்பியர் ஓடும். 100 வோல்ட் லைனில் 0.5 அம்பியர் போதும். கரண்ட் ஐந்திலொன்றானால் வயரில் வீணாகும் சக்தி இருபத்தைந்திலொன்று. வீட்டு செட்டில் அந்த வசதி இல்லை.

எங்கள் ஊரில் செப்பின் சாதியைவிட வயரின் நுனியே பெரிய பிரச்சினை. பாலத்தடிக் களப்பிலிருந்து வரும் உப்புக்காற்றில் உரித்த செப்பு பச்சை பிடிக்கும்; இணைப்பு கரகரக்கும். ஓரங்குலம் வெட்டிப் புதிதாக உரித்து, பனானா பிளக் போட்டு இறுக்குங்கள். ஒரு இழை பக்கத்து முனையில் பட்டாலும் அம்ப்ளிபயர் எரியலாம். பிளஸ் மைனஸையும் பாருங்கள்: ஒரு பொக்ஸில் அது மாறிவிட்டால் இரண்டின் பேஸும் ஒன்றையொன்று தின்றுவிடும். கேட்டவற்றில் மிகப் பெரிய வித்தியாசம் இதுதான்; திருத்தச் செலவில்லை.

வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செப்புப் பூசிய அலுமினியம். தடை ஒன்றரை மடங்கு. மேலே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செப்பு. களப்போரத்துக்கு அது நல்லது.

தீர்ப்பு: 8 ஓம் பொக்ஸுக்கு 3 மீற்றருக்குள் 0.75 தாராளம். பின் ஸ்பீக்கர் வரை நீட்டுவதென்றாலும், 4 ஓம் பொக்ஸ் என்றாலும் 2.5 செப்பு எடுங்கள். அதற்கு மேல் கேட்கும் விலை உறைக்குத்தான். மிஞ்சும் காசில் ஹோலுக்குத் தடித்த கார்ப்பெட்டும் திரைச்சீலையும் வாங்கினால், டைல்ஸ் தரையும் சீமெந்துச் சுவரும் கிளப்பும் எதிரொலி அடங்கும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மச்சானின் உதவி தேவைப்படாது.