கீழக்கரைத் தூண்கள்

கீழக்கரை ஜும்ஆப் பள்ளிவாசலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதனைக் 'கோயில் போன்ற பள்ளிவாசல்' என்று கூறி அமைந்துவிடுகின்றனர். பாராட்டாகவே சொல்லப்படினும், கட்டடத்தை ஊன்றிப் பாராமற் சொல்லப்படும் கூற்று இது.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இப்பள்ளிவாசலின் தூண்களும் போதிகைகளும் தட்டையான கற்கூரையும் தமிழ்நாட்டு மண்டப மரபின என்பதில் ஐயமில்லை. ஆயின், மண்டபம் இங்கே செய்யும் தொழில் வேறு. கோயிலில் மண்டபம் ஒரு வழி. தூண்களின் வரிசை அடியாரை இருள் செறிந்த கருவறைக்கு இட்டுச் செல்கின்றது. இங்கோ மண்டபமே முடிவிடம். தொழுவோர் தோளோடு தோள் சேர்ந்து பக்கவாட்டில் நீளும் வரிசைகளாக நிற்பதால், இடமும் அகலத்தையே வேண்டுகின்றது. மிஹ்ராப் சுவரில் ஒரு மாடம் மட்டுமே. அதனுள் எதுவும் இல்லை. கிழக்கு நோக்கிய கோயிலில் அடியார் மேற்கு முகமாக நின்றே வழிபடுவர். அக்கடற்கரையிற் கிப்லாவும் ஏறத்தாழ மேற்கே. எனவே கற்றச்சருக்குத் திசை புதிதன்று. அத்திசையில் உருவம் ஏதுமின்மையே புதிது.

தூண்களின் சதுர முகங்களில் யாளியும் தெய்வ வடிவும் இல்லை. பூவும் கொடியுமே உள்ளன. இதனை வெறும் விலக்காகக் கொள்வது போதாது. உருவம் நீங்கவே கண், தூணின் விகிதத்திலும் பட்டைகளில் ஒளி விழும் முறையிலும் தங்குகின்றது. கோயிலில் நாம் காணத் தவறும் தூணை இங்கே காண்கின்றோம்.

சீதக்காதி ஆதரித்த உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ் மருதநிலமாகப் புனைந்தமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. அதனைக் 'காப்பிய மரபைப் பின்பற்றியது' என ஒரு வரியிற் கடந்துவிடும் நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள், கீழக்கரைத் தூண்களைக் கண்டால் சற்றே தயங்குவர். கடன் வாங்கியவர் கைகளல்ல அவை. தமக்குரிய மொழியிற் பேசியவர் கைகள்.

அங்கும் இலங்கையிலும் பழைய பள்ளிவாசல்கள் பல இடிக்கப்பட்டு, குவிமாடம் தாங்கிய கொங்கிறீற்றுக் கட்டடங்கள் எழுந்துள்ளன. இடப்போதாமை மெய்யான காரணமே. ஆனால் குவிமாடமே 'உண்மையான' இஸ்லாமிய வடிவம் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே செயற்படுகின்றது. 'கோயில் போன்றது' என்ற நம் பாராட்டு அவ்வெண்ணத்துக்குத் துணைபோகின்றது. இடிப்பதற்கு முன் தூண்களையேனும் அளந்து வரைந்து வைத்தல் நம் பல்கலைக்கழகத் துறைகளால் இயலாத காரியமன்று.