முறிந்த ஒயரைத் தேடும் விரல்கள்

20 வயதான காரின் பவர் விண்டோ நின்றுவிட்டால், நல்ல மெக்கானிக் உடனே கதவைப் பிரிப்பதில்லை. பட்டனை அழுத்திக் காது கொடுக்கிறார். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் பெரும்பாலும் ரெகுலேட்டர் கேபிள் அறுந்திருக்கும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் பழையதொன்று கிடைக்கலாம். சத்தமே இல்லையா? ஃபியூஸ், சுவிட்ச்.

அடுத்து அவர் கை போகும் இடம்தான் அழகு. கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிந்து கிடக்கும் ரப்பர் குழாய். கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளிருக்கும் ஒயர்கள் வளைகின்றன. வருடக்கணக்கில் வளைந்து, மேலுறை முழுசாக இருக்கும்போதே உள்ளே செம்பு முறிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்க்கிறார். முறிந்தது மட்டும் கொஞ்சம் நீள்கிறது.

பற்றவைத்ததும் கண்ணாடி ஏறுகிறது. கூடவே நின்றுபோயிருந்த கதவின் மின்பூட்டும் உயிர்பெறுகிறது, அதன் ஒயரும் அதே குழாயில்தான். 12 வோல்ட் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டும், திசை மாறினால் திறக்கும். டக், டக்.