அரத்துக்கு முன்னால் கண்

தொழிற்சாலையிலிருந்து வந்த வேட்டை ரைபிளைக் கையில் எடுத்ததும் பலரும் பார்ப்பது குழலின் கருமெருகையும் கட்டையின் பளபளப்பையும்தான். தொழில் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் அவற்றைக் கடைசியில்தான் பார்ப்பார். மருந்தில்லாத டம்மி தோட்டாக்களை மேகசினில் ஏற்றி, போல்ட்டை ஒருமுறை நிதானமாகவும் ஒருமுறை வேகமாகவும் இயக்குவார். தோட்டா எங்கே உரசுகிறது, எங்கே தயங்குகிறது என்பதை விரலாலேயே கண்டுபிடிப்பார். பழுது பார்ப்பதும் ஒரு கலை என்று நான் உணர்ந்தது அத்தகைய கைகளைப் பார்த்துத்தான்.

நம் திண்டுக்கல் பக்கத்தில் ரைபிள் என்றால் பெரும்பாலும் .315. ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்தது. ராணுவத் தோட்டாவான .303-ஐப் பிரிட்டிஷ் அரசு பொதுமக்களுக்கு மறுத்ததால், ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டா இங்கே வேட்டைக்கு வந்தது. ரைபிளின் இயக்கமோ பழைய லீ-என்ஃபீல்டு. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் பெரும்பாலும் முடிந்தது. இன்று இந்த ரைபிள் முன்னாள் படைவீரர்களின் தோளில், வங்கி வாசல்களில் காவல் நிற்கிறது. தேர்தல் வந்தால் பலர் இதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். செம்பட்டி வழியாகத் திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் பஸ்ஸில் போகும்போது, ஏதாவதொரு வங்கி வாசலில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

இதன் முதல் தொல்லை தோட்டாவின் அடிவிளிம்பு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் பின்னிக்கொள்ளும். ரைபிள் அடைத்து நிற்கும். பலர் உடனே தொழிற்சாலையைத் திட்டுவார்கள். நல்ல மெக்கானிக் முதலில் ஏற்றும் முறையைத் திருத்துவார். அதற்குப் பிறகும் அடைத்தால்தான் மேகசினின் உதடுகளையும் ஸ்பிரிங்கையும் பார்ப்பார். அரத்தை எடுக்காமல் இருப்பதுதான் அவர் தொழிலின் முதல் நேர்த்தி.

அடுத்து, சுட்ட காலித் தோட்டாக்களைக் கேட்பார். பித்தளை பொய் சொல்லாது. அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. உறை அங்கே இழுபட்டிருக்கிறது. ஹெட்ஸ்பேஸ் என்று அவர்கள் சொல்வது இந்த இடைவெளியைத்தான். அதை அலட்சியம் செய்தால் உறை அந்த இடத்திலேயே அறுந்துவிடும். ஊசியின் குழி ஆழமில்லாமல் இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உள்ளே பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கலாம். விளிம்பு கிழிந்திருந்தால் உறையை இழுக்கும் கொக்கியையும் தோட்டா உட்காரும் அறையின் அழுக்கையும் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் நாலு காலித் தோட்டாக்களை உருட்டி ஒரு ரைபிளின் வரலாற்றைச் சொல்பவரைக் கண்டால் எனக்கு மரியாதை தானாக வருகிறது.

லீ-என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டும் முகங்கள் பின்பக்கம் உள்ளன. இரண்டும் சமமாகத் தாங்க வேண்டும். தொடும் இடத்தைக் காட்டும் ‘புளூ’ என்ற நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, போல்ட்டை மூடித் திறந்தால் எந்த முகம் தொடுகிறது, எது தொடவில்லை என்பது தெரிந்துவிடும். போல்ட்டுக்கும் உடலுக்கும் ஒரே எண் அடிக்கும் வழக்கம் இதனால்தான். சுத்தம் செய்யும்போது இரண்டு ரைபிள்களின் போல்ட்டுகள் மாறிப்போனால், இரண்டுமே ஓடும். ஆனால் இரண்டையுமே நம்ப முடியாது. கட்டையும் அப்படித்தான். நம் சமவெளி வெயிலில் மரம் சுருங்கும், திருகு தளரும், உதைப்பைத் தாங்கும் மரமுகம் ஒரு பக்கமாகத் தேயும். குறி சிதறும்போது குழலைக் குறைசொல்லும் முன் அந்த மரத்தைப் பார்ப்பவரே கைகாரர்.

உலகின் பெரிய துப்பாக்கி நிறுவனங்களும் இந்தப் பொருத்தத்தில்தான் சறுக்கியிருக்கின்றன. வின்செஸ்டர் 1936-இல் கொண்டுவந்த மாடல் 70-இல், மவுசர் வழிவந்த நீண்ட கொக்கி மேகசினிலிருந்து ஏறும் தோட்டாவை அப்போதே கவ்விக்கொள்ளும். 1964-இல் செலவைக் குறைக்க அதை எடுத்தார்கள். ரசிகர்கள் பழையதைத் தேடிப் போனார்கள். 1990-களில் கொக்கி திரும்பி வந்தது. 2014-இல் ரெமிங்டன், மாடல் 700 ரைபிள்களின் ஒரு வகை விசைத் தொகுதிக்காக அவற்றைத் திரும்ப அழைத்தது. கோக்கும்போது பூசிய பசை அளவுக்கு மீறியதால் விசையை இழுக்காமலே குண்டு பாயக்கூடும் என்பது காரணம். உருக்கில் குறையில்லை, கோத்த இடத்தில் குறை.

எந்திரம் உறுப்புகளை அளவு பிசகாமல் வெட்டித் தரும். அவற்றை ஒன்றுக்கொன்று பழக்குவது கை. திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பூட்டின் பெருமையே சாவியும் நெம்புகோலும் அரத்தால் கூடி வந்த அந்தப் பொருத்தம்தான். மலிவான எந்திரப் பூட்டுகள் வந்த பிறகு அந்தப் பட்டறைகள் சுருங்கியதை நம் கண்ணால் பார்த்தோம். துப்பாக்கி மெக்கானிக்கின் பட்டறைக்கும் அந்த நிலை வந்துவிடக் கூடாது. அரம் பிடிக்கப் பழகிய பூட்டுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் உதவியாளராகச் சேர்ந்து இந்தக் கண்ணையும் பழகிக்கொள்ளலாம். பழுது பார்ப்பதற்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் கேட்பதிலிருந்து இதன் பொறுப்பு விளங்கும்.

ரைபிள் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: அடைத்தால் நீங்களே அரம் போடாதீர்கள். சுட்ட உறைகளைப் பொறுக்கி வைத்து, ரைபிளோடு மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.