எந்தக் குப்பியில் எந்தத் துண்டு?

ஒரே ஒரு முழங்கால் மாதக்கணக்கில் வீங்கிக் கிடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் பிடி கிடைக்கவில்லை. மூட்டில் கோத்த நீரை உறிஞ்சிப் பார்த்தும் கிருமி அகப்படவில்லை. அப்போதுதான் மூட்டின் உள்சவ்வையே கிள்ளியெடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு முறை வருகிறது.

சைனோவியம் என்னும் அந்தச் சவ்வின் மேலடுக்கு, நலமான மூட்டில் மிஞ்சினால் மூன்று செல் கனம்தான். அழற்சி கண்டால் அது தடித்து, விரல் விரலாக நீண்டு தொங்கும். மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே சின்னஞ்சிறு துண்டுகளை எடுக்கிறார்கள். ஓரிடத்தில் இருக்கும் நோய் பக்கத்திலேயே இல்லாமலும் போகலாம் என்பதால், பல இடங்களில் கிள்ளுவது வழக்கம்.

இந்தச் சோதனையின் அழகே அடுத்த நொடியில் இருக்கிறது. துண்டை எந்தக் குப்பியில் போடுவது? ஃபார்மலினில் போட்டால் திசுவின் வடிவம் கெடாது; ஆனால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் எதுவும் வளராது. ஆகவே கல்ச்சருக்கான துண்டு தனியே சலைனில் போகவேண்டும். கௌட் என்று ஐயமிருந்தால் இன்னொரு குப்பி: அந்நோயில் மூட்டில் சேரும் யூரேட் படிகம் ஃபார்மலினில் உள்ள நீரில் கரைந்துவிடும், அதற்கு நீர் கலக்காத ஆல்கஹால். என்னென்ன விடைகள் வரக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்தவரிடம்தான் இந்தத் துண்டு வாய் திறக்கும்.

திறந்தால் என்ன நேர்த்தி! காசநோய் என்றால் செல்கள் திரண்டு கட்டிய கிரானுலோமா, நடுவே செத்த திசு, அருகில் பல கருக்களை லாடம்போல் வளைத்து அடுக்கிய ராட்சதச் செல். கௌட் என்றால் போலரைஸ்டு ஒளியில் ஊசி ஊசியாகப் படிகங்கள். காம்பென்சேட்டர் தகட்டைச் செருகினால், அதன் அச்சோடு ஒத்துக் கிடப்பவை மஞ்சள், குறுக்கே கிடப்பவை நீலம். எப்போதோ மூட்டில் தைத்து முறிந்த முள்ளின் துணுக்கும் அதே ஒளியில் பளிச்சிடும். தைத்ததை ஆளே மறந்திருப்பார்.

ருமட்டாய்டா, சோரியாசிஸ் மூட்டழற்சியா என்று கேட்டால் மட்டும் இந்தத் துண்டு பெரும்பாலும் உறுதியாகப் பதில் சொல்லாது. 'குறிப்பான காரணம் தெரியாத அழற்சி' என்றே ரிப்போர்ட் வரும். ஆனால் ஸ்டீராய்டு ஊசியோடு காத்திருக்கும் மருத்துவருக்கு, 'இது டிபி' என்று ஒரு துண்டு சொல்லிவிட்டால் போதும். சிகிச்சையின் திசையே மாறிவிடும்.