ஹெரால்டுக்கு என்ன வயசு?

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கண்ணில் பட்டால் முதலில் கதவுகளைத்தான் எண்ணுவேன். 1961இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கியபோது இரண்டே கதவுகள். நான்கு கதவு பின்னால் வந்தது. இப்படி அடையாளத்தை வைத்து வயதைக் கணிப்பது கோயில்களிலும் உண்டு: செஞ்சிப் பக்கம் தளவானூர் குடைவரையில் ஆண்டுக் கணக்கு கிடையாது. கல்வெட்டில் வரும் சத்ருமல்லன் என்ற பட்டப்பெயரும் தூண்களின் வடிவமும் சேர்ந்துதான் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தைக் காட்டுகின்றன.

ஆர்.சி. புத்தகத்தில் வண்டி பதிவான தேதி இருக்கும். அதுவே பிறந்த தேதி ஆகிவிடாது. ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி 1962இல் டிரையம்ப் நிறுவனம் செய்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் தொழிற்சாலை எண் தகடே பேசும்: எஃப்.சி. என்றால் முதல் இரண்டு மார்க்குகள், எஃப்.டி. என்றால் 1967இல் வந்த மூன்றாவது. அமெரிக்காவில் இன்னொரு சிக்கல். இலையுதிர் காலத்தில் விற்பனைக்கு வருவதையே அடுத்த வருட மாடல் என்பார்கள்.

எனக்குப் பிடித்த சாட்சி லூகாஸ் டைனமோ. மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைத்தால் உலோகத்தில் குத்திய சிறு எண்கள் தெரியும்: 64 என்று முடிந்தால் 1964இல் செய்தது. எவ்வளவு அழகான கவனம்! ஆனால் டைனமோ மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். ஆகவே அதை மட்டும் நம்பாமல் ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் தேதிகளையும் பார்க்க வேண்டும். அசல் பாகங்களில் கடைசியாகப் பிறந்தது எதுவோ, அதற்கு முன்னால் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்திருக்க முடியாது.